மலையிலிருந்து இறங்கும் கிட்டார்

அன்புள்ள ஐயா,

வணக்கம். எனக்குச் சேலம் அம்மாபேட்டை. வயது நாற்பத்தொன்று. தறி வைத்திருந்த குடும்பம், இப்போது நான் தனியார் வேலையில் இருக்கிறேன். கல்லூரிக் காலத்திலிருந்தே கிட்டார் ஆசை உண்டு. இந்த வருடம்தான் வகுப்பில் சேர முடிந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டில் ஒண்டிக்கடை பக்கம் தெரிந்தவர் ஒருவர் வீட்டில் யமஹா எஃப்ஜி 700 எஸ் கிட்டார் ஒன்று விலைக்கு இருப்பதைப் பார்த்தேன். பத்துப் பன்னிரண்டு வருடப் பழசு. 7,000 ரூபாய் சொல்கிறார். முன்பலகையில், ஒலித்துளையிலிருந்து பிரிட்ஜ் (கம்பிகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும் மரக்கட்டை) பக்கமாக விரல் நீளத்துக்கு ஒரு கோடு இருக்கிறது. விலாவில் ஒரு நசுங்கல். கம்பியை முறுக்கும் ஆறு கீயில் ஒன்று மட்டும் வேறு நிறம். “மேலாப்புல கீறல்தான், ஒண்ணும் ஆகாது” என்கிறார். சேலம் கடையில் புது யமஹா எஃப் 310 கிட்டார் கேட்டதற்குக் கிட்டத்தட்ட பத்தாயிரம் சொன்னார்கள். “அடிபட்டதை யாராவது காசு குடுத்து வாங்குவாங்களா?” என்று வீட்டில் கேட்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

அன்புடன்,
அம்மாபேட்டை வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் சொன்ன மூன்று சேதங்களில் இரண்டை இப்போதே மறந்துவிடலாம். விலா நசுங்கியது கதவு நிலையில் இடித்ததாக இருக்கும். உள்பக்கம் பிளக்காமல் இருந்தால் அதனால் ஒலிக்கு ஒரு குறையும் வராது. கீ நிறம் மாறியிருப்பதை நான் நல்ல அறிகுறியாகவே எடுத்துக்கொள்வேன். பழையது வழுக்கியிருக்கும், மனிதர் கவனித்து மாற்றியிருக்கிறார். ஆறு கீயும் சேர்ந்த செட்டே சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது.

மூன்றாவதுதான் விஷயம். அந்தக் கோடு வார்னிஷோடு நிற்கிறதா, மரத்துக்குள் போயிருக்கிறதா?

எஃப்ஜி 700 எஸ் என்ற பெயரில் கடைசி எழுத்து ‘சாலிட்’ என்பதைக் குறிக்கிறது. அதாவது அதன் முன்பலகை முழு ஸ்ப்ரூஸ் மரம். கடையில் உங்களுக்குக் காட்டிய எஃப் 310 அப்படியில்லை, அது மெல்லிய தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிய பலகை. ஒட்டுப்பலகை லேசில் பிளக்காது, ஆனால் ஒலியும் ஓரளவுக்குத்தான் வரும். முழு மரம் நன்றாக முழங்கும், ஆனால் மழைக்கும் வெயிலுக்கும் உடம்புக்கு முடியாமல் போகிற ஜாதி. காய்ந்தால் ரேகை ஓடுகிற திசையிலேயே பிளந்துவிடும். விற்கிறவர் சொன்ன மாடல்தானா என்ற சந்தேகம் இருந்தால் ஒலித்துளையின் விளிம்பைப் பாருங்கள். மேலே தெரியும் ரேகைகள் விளிம்பிலும் அப்படியே கீழே இறங்கினால் முழு மரம். அடுக்கடுக்காகத் தெரிந்தால் ஒட்டுப்பலகை.

கோட்டைச் சோதிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. அறையை இருட்டாக்கி, செல்போன் டார்ச்சைப் போட்டு ஒலித்துளை வழியாக உள்ளே வைத்து, துளையை ஒரு துண்டால் மூடுங்கள். பிறகு அந்தக் கோட்டின் மேல் குனிந்து பாருங்கள். நூல் மாதிரி வெளிச்சம் கசிந்தால் பிளவு பலகையைத் தாண்டிவிட்டது. வெளிச்சம் வரவில்லை என்றால் கோட்டின் ஒரு பக்கத்தில் கட்டைவிரலை வைத்து மெதுவாக அழுத்துங்கள். ஒரு பக்கம் இறங்கி மறுபக்கம் அப்படியே நின்றால் அதுவும் பிளவுதான், இப்போதைக்கு வாய் மூடியிருக்கிறது. இரண்டும் இல்லையென்றால் அவர் சொன்னதுபோல மேலாப்புக் கீறல்.

பிளவாகவே இருந்தாலும் பயப்பட வேண்டாம். பசையை உள்ளே இறக்கி, இறுக்கிப் பிடித்து, உள்பக்கத்தில் ரேகைக்குக் குறுக்கே தபால்தலை அளவில் சின்னச் சின்ன மரத்துண்டுகள் ஒட்டுவார்கள். ஒழுங்காக ஒட்டினால் பல வருடம் நிற்கும். ஆனால் கிட்டார் வேலை தெரிந்தவர்தான் ஒட்ட வேண்டும். தெருமுனை ஆசாரி கெட்டிக்காரராகவே இருக்கலாம், ஆனால் அவர் ஜன்னலுக்குப் போடுகிற மாதிரி ஒரு ஸ்க்ரூவையும் சேர்த்து இறக்கிவிடுவார்.

இவ்வளவும் கண்ணுக்குத் தெரிகிற சேதம். என் பயமெல்லாம் தெரியாத இடத்தில்தான். ஒரு சாதாரண செட் இரும்புக் கம்பிகளை ஏற்றி ஸ்ருதி சேர்த்தால் ஆறும் சேர்ந்து எழுபது கிலோவுக்கு மேல் இழுக்கும். ஏறக்குறைய ஒன்றரை மூட்டை சிமெண்ட். இந்தக் கிட்டார் பத்து வருடமாக இரவும் பகலும் அந்த எடையைத் தாங்கியிருக்கிறது. உங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், தறி வீட்டில் பிறந்தவர். தறிக்கட்டையில் கீறல் விழுந்தால் யாரும் கவலைப்படுவதில்லை. சட்டம் கோணினால்தான் பாவு ஒரு பக்கம் தொய்ந்து நெசவு கெடும். இங்கேயும் இழுப்பு விழுகிற இரண்டு இடங்களைத்தான் பார்க்க வேண்டும்: விரல் வைத்து வாசிக்கிற கழுத்தான நெக், பிரிட்ஜ்.

பிரிட்ஜின் பின்பக்க விளிம்பில் ஒரு பில் தாளை நுழைத்துப் பாருங்கள். தாள் உள்ளே போனால் பசை விட ஆரம்பித்திருக்கிறது. நெக்குக்கு, தடித்த ஆறாவது கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைதான் ஃப்ரெட்) பதினான்காவது ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திக்கொண்டு, நடுவில் ஏழாவது ஃப்ரெட்டின் மேல் கம்பி எவ்வளவு தூக்கி நிற்கிறது என்று பாருங்கள். ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற அளவு இடைவெளி சரி. கொஞ்சம் கூடுதலாக வளைந்திருந்தாலும் நெக்குக்குள் இருக்கும் ட்ரஸ் ராட் என்ற இரும்புத் தண்டைத் திருகிச் சரிசெய்துவிடலாம். கடைசியாக, பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அதே கம்பிக்குக் கீழே ஸ்கேலை வைத்து அளந்து பாருங்கள். இரண்டரை மில்லிமீட்டர் பக்கம் இருந்தால் விரல் வலிக்காமல் வாசிக்கலாம். நான்கு மில்லிமீட்டர் இருந்து, நெக்கும் நேராக இருந்து, பிரிட்ஜ் மேல் கம்பிகள் உட்காருகிற வெள்ளைச் சேடிலும் ஏற்கெனவே தேய்த்துத் தேய்த்துக் கட்டையாகியிருந்தால், கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு பஸ் ஏறிவிடுங்கள். நெக் உடம்போடு சேருகிற கோணமே மாறிவிட்டது என்று அர்த்தம். அதைக் கழற்றித் திரும்பப் பொருத்தக் கேட்கிற கூலிக்கு இன்னொரு கிட்டார் வாங்கிவிடலாம்.

நான் பட்டுத் தெரிந்துகொண்டது இது. இருபது வருடம் முன்பு வேறொரு ஊரில், ஒரு கீறல்கூட இல்லாமல் கண்ணாடி மாதிரி பளபளத்த ஒரு பழைய கிட்டாரை வாங்கினேன். முதல் மூன்று ஃப்ரெட்டுக்குள் கார்ட் (ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரக்கூட்டு) பிடித்துப் பார்த்து, ஆஹா என்று காசைக் கொடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து ஐந்தாவது ஃப்ரெட்டைத் தாண்டினால் கம்பியை அழுத்தவே முடியவில்லை. விரல் கொப்புளித்தது. சரிசெய்யக் கேட்ட தொகை வாங்கிய விலையைவிட அதிகம். அது இன்னமும் பீரோ மேல்தான் படுத்திருக்கிறது. பளபளப்பு மட்டும் குறையவே இல்லை.

அப்புறம், உங்கள் விஷயத்தில் மட்டும் இருக்கிற ஒரு சிக்கல். இந்தக் கிட்டார் மலையில் வளர்ந்தது. ஏற்காடு 1,500 மீட்டர் உயரம், சேலம் 300 மீட்டருக்கும் கீழே. அங்கே சில்வர் ஓக் மரத்தடியில் காலை பத்து மணிக்கும் பனிமூட்டம் கலையாது. மரம் அந்த ஈரத்தைக் குடித்து உப்பும், பலகை லேசாக மேடிடும், கம்பி உயரும். அதையே நம் ஊர் மார்ச், ஏப்ரல் வெயிலுக்குக் கொண்டுவந்தால் எல்லாம் தலைகீழாகும். பலகை இறங்கும், கம்பி தாழ்ந்து ஃப்ரெட்டில் பட்டு கரகரக்கும். நெக் ஓரத்தில் ஃப்ரெட் முனைகள் நீட்டிக்கொண்டு கையைக் கீறும். மலையில் வாய் மூடிக்கொண்டிருந்த பிளவு இங்கே வாயைத் திறக்கும். அதனால் “ஒண்ணும் ஆகாது” என்று விற்கிறவர் சொன்னது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அவர் வீட்டில் ஒன்றும் ஆகியிருக்காது.

ஆகவே நான் செய்வது இதுதான். டார்ச்சும் ஸ்கேலும் எடுத்துக்கொண்டு இன்னொரு முறை மலையேறுவேன். நெக்கும் பிரிட்ஜும் தேறினால், தெரிந்தவர்தானே, இரண்டாயிரம் முன்பணம் கொடுத்து, பத்து நாள் சேலத்தில் வைத்துப் பார்த்துவிட்டு மீதியைத் தருகிறேன் என்று கேட்பேன். பத்து நாளில் கோடு கோடாகவே இருந்தால் 7,000 நியாயமான விலை. பேரம் பேச வேண்டுமே என்பதற்காக 6,500 கேட்கலாம், அதற்குமேல் அடிக்க எனக்கு மனம் வராது. கோடு விரிந்தால் ஒட்டுகிற செலவைக் கழித்து 4,500. முன்பணத்துக்கு அவர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால், ஏப்ரல் வரை பொறுத்து, அதற்குள் விற்காமல் இருந்தால் திரும்பப் பேசலாம். புது எஃப் 310-இல் தப்பில்லை. அதுவும் கற்றுக்கொள்ளப் போதும். ஆனால் நெக் சரியாக உள்ள முழுமரக் கிட்டார் மூவாயிரம் குறைவாகக் கிடைக்கும்போது நான் அதைத்தான் எடுப்பேன், கீறலோடு.

வாங்கிவிட்டால் வெயில் காலத்தில் ஒரு பழைய சோப்பு டப்பாவில் நான்கைந்து ஓட்டை போட்டு, நனைத்துப் பிழிந்த ஸ்பாஞ்சை அதில் வைத்து, கிட்டார் பெட்டிக்குள் தலைப்பக்கம் வையுங்கள். கைக்கு ஈரம் தட்டுப்படலாம், தண்ணீர் சொட்டக் கூடாது. காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 45 முதல் 55 வரை இருந்தால் மரம் சமர்த்தாக இருக்கும். அதை அளக்கிற சின்னக் கருவி சில நூறு ரூபாய்தான்.

கொண்டுவருகிற அன்று கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்திவிடுங்கள். காரில் என்றால் டிக்கியில் வேண்டாம், பின்சீட்டில் படுக்கவைத்து 20 கொண்டை ஊசி வளைவுக்கும் யாராவது ஒரு கை பிடித்துக்கொள்ளட்டும். அடிவாரத்தில் டீ குடிக்க நிறுத்தினால் பூட்டிய காருக்குள் வெயிலில் விட்டுப் போகாதீர்கள், அந்தச் சூட்டில் பிரிட்ஜின் பசையே இளகிவிடும். வீட்டுக்கு வந்ததும் பெட்டியை உடனே திறக்க வேண்டாம். புது ஊர்க் காற்றுக்கு மரம் மெதுவாகப் பழகட்டும், நான்கைந்து மணி நேரம் அப்படியே மூடி வையுங்கள். வீட்டில் கேட்கிற கேள்விகளுக்குப் பதில் சொல்லி முடிக்க உங்களுக்கும் அவ்வளவு நேரம் வேண்டியிருக்கும்.