தாய்லாந்தின் பாரம்பரியத் திருவிழாக்களில் வெளிநாட்டவர் கலந்துகொள்ளலாமா? உங்கள் அனுபவம் எப்படி இருந்தது?

தாராளமாகக் கலந்துகொள்ளலாம். ஆனால் காலையிலேயே கிளம்பிப் போக வேண்டும். மாலையில் மட்டும் போகிறவர்களுக்குத் திருவிழாவின் கூத்து கிடைக்கும், திருவிழா கிடைக்காது.

வேலைக்காக நான்கு வருடம் பாங்காக்கில் இருந்தேன். முதல் ஏப்ரலில் அவர்களின் புத்தாண்டுத் திருவிழாவான சொங்க்ரான் வந்தபோது, அலுவலக நண்பர்களோடு சீலோம் சாலைக்குப் போய், தண்ணீர்த் துப்பாக்கியும் கையுமாக இரவு வரை நனைந்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஊருக்குப் போன் செய்து, "இங்கே வருஷப் பிறப்பு ஹோலி மாதிரி, கலர் மட்டும் இல்லை" என்று அம்மாவிடம் சொன்னேன். அது எவ்வளவு தப்பு என்று அடுத்த வருடம்தான் தெரிந்தது.

அடுத்த வருடம், கூட வேலை செய்த அக்கா ஒருவர் வடக்குத் தாய்லாந்தின் சியாங் மாய் நகரில் இருக்கும் தன் வீட்டுக்கு அழைத்துப் போனார். (வயதில் மூத்தவர் ஆணோ பெண்ணோ, அங்கே 'பீ' என்றுதான் கூப்பிட வேண்டும்.) சொங்க்ரான் என்பது நம் சங்கராந்திதான். சூரியன் மேஷத்தில் நுழைவதைக் கொண்டாடும் நாள். அரசாங்கக் கணக்கில் 1941இலிருந்து ஜனவரி 1தான் புத்தாண்டு. ஆனால் மக்கள் மனதில் வருஷம் பிறப்பது ஏப்ரல் 13, 14, 15 ஆகிய மூன்று நாட்களில்தான்.

13ஆம் தேதி காலை வீடு முழுக்கக் கூட்டிக் கழுவினோம். மதியத்துக்கு மேல் பிரா சிங் கோயிலின் புத்தர் சிலை ஊர்வலம். பழைய இலங்கையிலிருந்து வந்த சிலை என்பது ஐதீகம், பெயரிலேயே 'சிங்களம்' ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பார்கள். தா பே சாலையின் இரண்டு பக்கமும் ஜனங்கள் கிண்ணங்களோடு காத்திருக்கிறார்கள். வண்டி அருகில் வந்ததும் மல்லிகை மிதக்கும் நீரைச் சிலைமேல் சேர்க்கிறார்கள். நான் வெறுங்கையோடு நிற்பதைப் பார்த்த முன்பின் தெரியாத ஒரு பெண், தன் கிண்ணத்திலிருந்து பாதியை ஒரு டம்ளரில் ஊற்றி என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். நம் ஊர்த் தேரோட்டத்தில் பக்கத்தில் நிற்பவர் வடத்தில் இடம் விட்டுக் கொடுப்பாரே, அப்படி.

மறுநாள் பிங் ஆற்றங்கரையிலிருந்து மணலைக் கோயிலுக்குக் கொண்டுபோய், ஸ்தூபி போலக் குவித்து, காகிதத்தில் வெட்டிய 'துங்' கொடிகளைக் குத்தி வைத்தோம். வருஷம் முழுக்கக் கோயிலுக்கு வந்து போகிறவர்களின் காலில் ஒட்டிக்கொண்டு வெளியே போன மண்ணைத் திருப்பித் தருகிறார்களாம். கோயிலிலிருந்து ஒரு பிடி மண்கூட வீட்டுக்கு வரக்கூடாது என்ற அந்த எண்ணம் எனக்கு மிகவும் பிடித்துப் போயிற்று. அன்றைக்கு யாரையும் திட்டக்கூடாது, திட்டினால் வருஷம் முழுக்க வாய் கெட்டுப் போகும் என்று வீட்டுப் பிள்ளைகளைச் சொல்லி அடக்கி வைத்திருந்தார்கள்.

அன்று இரவு நடந்ததுதான் எனக்கு மறக்காது. அந்த அக்காவின் பாட்டி, வடக்குப் பேச்சில் 'மே உய்', கரி அடுப்பில் ஏதோ காய்ந்த காய்களை வாட்டிக்கொண்டிருந்தார். வாசம் மூக்கில் பட்டதும் திடுக்கிட்டேன். எங்கள் வீட்டு வெள்ளிக்கிழமைக் குளியலின் வாசம். கையில் வாங்கிப் பார்த்தால் சுருங்கிய பழுப்பு நெற்று, உள்ளே கிலுகிலுக்கும் விதைகள். சீயக்காயேதான். அங்கே அதன் பெயர் 'சொம் போய்'. வாட்டிய காயை நீரில் ஊறவைத்து, பூ இதழ்களைத் தூவி, 'சலுங்' எனும் வெள்ளிக் கிண்ணத்தில் எடுத்து வைத்தார்.

15ஆம் தேதி காலை, கோயிலுக்குப் போய்வந்த பிறகு, எல்லோரும் மே உய் முன்னால் தரையில் மண்டியிட்டோம். தெரியாமல் செய்த தவறுகளுக்கு மன்னிப்புக் கேட்டு, இரண்டு கைகளாலும் கிண்ணத்தை நீட்ட வேண்டும். அவர் விரல்களை அந்த நீரில் நனைத்துத் தன் நரைமுடியில் தடவிக்கொண்டார். பிறகு வடக்குத் தாய்லாந்துப் பேச்சில் நீளமாக ஆசி சொல்லி, மீதியை எங்கள் தலையில் தெளித்தார். இதற்கு 'டம் ஹுவா' என்று பெயர், தலை கழுவுதல் என்று அர்த்தம். எங்கள் ஊரிலும் இந்தக் காயை அரைத்துத்தான் தலை குளிப்போம் என்று அக்கா மூலம் சொன்னேன். மே உய் என் தலைமேல் மறுபடியும் ஒரு கை நீர் தெளித்தார், இந்த முறை கொஞ்சம் தாராளமாக.

இதெல்லாம் ஒரு வீட்டுக்குள் நுழைந்ததால் கிடைத்தது, யாரையும் தெரியாத பயணிக்குக் கிடைக்குமா என்று கேட்பீர்கள். ஊர்வலத்துக்கும் மணல் ஸ்தூபிக்கும் எவரையும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கோயில் வாசலிலேயே கொடி விற்கிறார்கள், சில பாட்தான். தோளும் முழங்காலும் மறையும் உடை போதும். துறவிகள், முதியவர்கள், கைக்குழந்தைகள் மீது தண்ணீர் வீசக்கூடாது, பெண்கள் துறவிகளைத் தொடக்கூடாது. அப்புறம் ஒன்று: அந்த நாட்களில் ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்காதீர்கள். சொங்க்ரான் வாரத்தை 'ஆபத்தான ஏழு நாட்கள்' என்று அரசாங்கமே எச்சரிக்கும் அளவுக்குச் சாலை விபத்துகள் நடக்கின்றன.

ஏப்ரல் வெயில் ஒத்துக்கொள்ளாதவர்கள் லோய் கிராதொங் திருவிழாவுக்குப் போகலாம். பெரும்பாலும் நவம்பரில் வரும் பௌர்ணமி, சில வருடங்களில் நம் கார்த்திகை தீபத்தை ஒட்டியே வரும். வாழைத்தண்டை வில்லையாக வெட்டி, வாழையிலையை மடித்துச் சுற்றிலும் குத்தி, பூ, ஊதுபத்தி, மெழுகுவர்த்தி வைத்து ஆற்றில் விடுவார்கள். நீரை அழுக்காக்கியதற்கு 'மே கொங்கா'விடம், அதாவது கங்கைத் தாயிடம், மன்னிப்புக் கேட்கிறார்கள். அதனால்தான் தெர்மாகோலில் செய்ததை வாங்காதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். மன்னிப்புக் கேட்கப் போய் மறுபடி அழுக்காக்குவதா?

சொங்க்ரானுக்குத்தான் போகிறீர்கள் என்றால் ஏப்ரல் 12 மாலைக்குள் சியாங் மாய் சேர்ந்துவிடுங்கள். பழைய நகரத்து அகழியைச் சுற்றி 13ஆம் தேதி தண்ணீர் ஆட்டம் தொடங்கிவிட்டால் பெட்டியோடு விடுதி போய்ச் சேர்வது பெரும்பாடு. பைக்குள் ஒரு சின்னக் கிண்ணம் வைத்துக்கொள்ளுங்கள். மல்லிகைச் சரம் அங்கேயே கிடைக்கும்.