மூன்றாம் முறையும் அதே வார்த்தைகள்

அன்புள்ள அண்ணனுக்கு,

மீன்பிடித் தடைக்காலம் பற்றிய உங்கள் கட்டுரையில், உங்கள் அம்மா புனித அந்தோணியாரிடம் "ஸ்கூல் ஃபீஸுக்கு ஆயிரத்து இருநூறு வேணும்" என்று தொகை சொல்லிக் கேட்டதைப் படித்துச் சிரித்தேன். அப்புறம் அழுகை வந்துவிட்டது. என் மகனுக்கு ஒன்பது வயது. வலிப்பு வருகிறது. மூன்று வருடமாக எனக்கு ஒரே வேண்டுதல்தான். எங்கள் ஜெபக்கூட்டத்தை நடத்தும் அக்கா, "ஒரு தடவை கேட்டுட்டு விசுவாசி, திரும்பத் திரும்பக் கேட்டா சந்தேகப்படுறேன்னு அர்த்தம்" என்கிறார். மாத்திரை கொடுப்பதும் சந்தேகம்தானாம். கடவுளுக்குத் தெரியாததா, ஏன் நச்சரிக்க வேண்டும் என்று எனக்கே தோன்றுகிறது. கேட்பதை நிறுத்திவிடட்டுமா?

பெயர் வேண்டாம், மண்டபம்

அன்புள்ள தங்கச்சிக்கு,

முதலில் மாத்திரை. அதை நிறுத்தாதீர்கள். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று விட்டால் வலிப்பு முன்னைவிடக் கடுமையாக வரலாம். குறைப்பதும் மாற்றுவதும் டாக்டர் சொல்லித்தான் நடக்க வேண்டும். அந்த அக்கா நல்ல மனசோடு சொல்லியிருக்கலாம், ஆனால் இந்த விஷயத்தில் அவர் பேச்சு வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகம் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டியிருந்த மனநோயாளிகள் ஓட வழியில்லாமல் வெந்து போனார்கள். இறந்தவர்கள் 28 பேர். தர்காவில் வேண்டினால் குணமாகும் என்று நம்பி வீட்டார் கொண்டுவந்து விட்ட ஊர் அது. வேண்டிக்கொண்டதில் தப்பில்லை. வைத்தியம் இருக்க வேண்டிய இடத்தில் சங்கிலி இருந்தது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். மத்தேயு 26ஆம் அதிகாரத்தை அக்காவிடம் காட்டுங்கள். சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்சமனித் தோட்டத்தில் இயேசு, இந்தக் கிண்ணம், அதாவது வரப்போகும் பாடு, என்னை விட்டுப் போகட்டும் என்று மூன்று முறை வேண்டுகிறார். மூன்றாம் முறையும் அதே வார்த்தைகளையே சொன்னார் என்று தெளிவாக எழுதியிருக்கிறது. திரும்பக் கேட்பது அவிசுவாசம் என்றால் அந்தக் கணக்கில் முதலில் மாட்டுவது அவர்தான்.

எங்கள் அப்பா பாம்பனில் விசைப்படகில் கூலிக்குப் போனவர். அவர் இறங்கும் ஒவ்வொரு நாளும் அம்மா வாசலில் நின்று ஒரே வரியைத்தான் சொல்வாள்: "கொண்டுபோனவனக் கொண்டாந்து விட்டுரு." திங்கட்கிழமை சொல்லியாச்சே, புதன்கிழமை எதற்கு என்று எங்கள் தெருவில் யாரும் கேட்டதில்லை. திங்கட்கிழமைக் கடல் வேறு, புதன்கிழமைக் கடல் வேறு. உங்கள் பையனின் ஒவ்வொரு ராத்திரியும் அப்படித்தானே?

நச்சரிப்பு என்றீர்கள். லூக்கா 18இல் ஒரு விதவை வருகிறாள். கடவுளுக்கும் பயப்படாத, மனுசனையும் மதிக்காத ஒரு நீதிபதியிடம் நடையாய் நடக்கிறாள். ராமநாதபுரம் கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனு நாளில், பிளாஸ்டிக் கவரில் ஜெராக்ஸ்களைச் சுருட்டி வைத்துக்கொண்டு நிற்பார்களே, அந்தக் கூட்டத்தில் அவளையும் பார்க்கலாம். இவள் என்னை ஓயாமல் தொல்லை செய்வாள் என்று நீதிபதி சொல்லும் இடத்தில், கிரேக்கச் சொல்லின் நேர்ப்பொருள் கண்ணுக்குக் கீழே குத்துவது. எனக்கு மிகவும் பிடித்த இடம். ஆனால் கடவுள் அந்த நீதிபதி மாதிரி என்று கதை சொல்லவில்லை. அப்பேர்ப்பட்ட ஆளே இறங்கிவந்தால் கடவுள் கேட்க மாட்டாரா என்றுதான் கேட்கிறது.

வளவளவென்று பேசினால் கேட்கப்படும் என்று நினைக்காதீர்கள், நீங்கள் கேட்குமுன்பே தந்தைக்குத் தெரியும் என்று மத்தேயு 6இல் சொன்னவரும் இயேசுதான். அக்கா அதை எடுத்து நீட்டுவார். நீட்டட்டும். அதைச் சொன்ன கையோடு அவர் கற்றுத்தந்த ஜெபத்தில், இன்றைய சோற்றை இன்றைக்குக் கேட்கச் சொல்கிறார். நாளைக்கு மறுபடி கேட்டாக வேண்டும்.

அப்புறம் அந்தத் தொகை. பொதுவாய்க் கேட்காமல் இன்னதுதான் வேண்டும் என்று கேட்பது அம்மா வழக்கம். அம்மா ஒரு தடவை "குடும்பத்துல சமாதானம் தா" என்று ஆரம்பித்துவிட்டு, பாதியில் நிறுத்தி, "அதெல்லாம் இல்ல, அந்த ஆளு குடிய விடணும்" என்றாள். பக்கத்தில் மெழுகுவத்தி பிடித்திருந்த எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அதற்குமுன் அவள் வாயிலிருந்து அந்தப் பேச்சு வந்து நான் கேட்டதில்லை.

பதினான்கு வருடம், செவ்வாய்க்கிழமை தவறாமல் கேட்டாள். அப்பா விடவில்லை. ஈரல் கெட்டுச் செத்தார். ஃபீஸ் கிடைத்ததை மட்டும் எழுதி இதை எழுதாமல் விட்டது என் தப்பு. கெத்சமனியில் கேட்டவரையும் அந்தக் கிண்ணம் விட்டுப் போகவில்லை. உங்கள் மகனுக்கு எல்லாம் சரியாகும் என்று நான் வாக்குத் தர முடியாது. அப்படி வாக்குத் தருபவர்களிடமும் கொஞ்சம் எட்டியே இருங்கள்.

காடாற்று முடிந்த செவ்வாயும் அம்மா கோவிலுக்குப் போனாள். இனி என்ன கேட்பாய் என்றேன். "கேக்கல. திட்டிட்டு வந்தேன்" என்றாள். இந்தப் பக்கம் திட்டுவதும் புதிதில்லை. திருப்புல்லாணியில் ராமர் தர்ப்பைப் புல்லில் மூன்று நாள் கிடந்து கடலிடம் வழி கேட்டார், கடலரசன் வரவில்லை என்றதும் வில்லை எடுத்தார்.

அடுத்த செவ்வாயும் கிளம்பினாள். "இன்னும் திட்டு பாக்கி இருக்கா?" என்றேன்.

"சின்னவளுக்குக் காய்ச்சல்டா. கேக்கணும்ல" என்று சொல்லிக்கொண்டே செருப்பைத் தேடினாள்.