கேள்வி-பதில்: கொலைகாரன் சட்டத்தை மதிப்பானா?

கேள்வி: பல வருடங்களாக டல்லாஸ் பக்கம் குடியிருக்கிறேன். முறைப்படி வாங்கிய பிஸ்டல் ஒன்று என் வீட்டிலும் இருக்கிறது. இங்கே எப்போது துப்பாக்கிச் சூடு நடந்தாலும், குழந்தையைப் பறிகொடுத்த பெற்றோரைக் கேமரா முன்னால் நிறுத்தி, ‘துப்பாக்கி விற்பனைச் சட்டத்தைக் கடுமையாக்கு’ என்று கோஷம் போடுகிறார்கள். கொலை செய்யத் துணிந்தவன் சட்டத்தையா பார்ப்பான்? துப்பாக்கி கிடைக்காவிட்டால் கத்தியை எடுப்பான். துக்கத்தில் இருப்பவர்களை நிம்மதியாக அழவிட்டு, சட்டத்தை நிதானமாக யோசிக்கக்கூடியவர்களிடம் விடுவதுதானே நியாயம்? உங்கள் பத்திரிகையும் ஏன் அந்தக் கோஷத்தில் சேர்ந்துகொள்கிறது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், டெக்சாஸ்

பதில்: கொலை செய்யப் போகிறவன் சட்டத்தைப் பார்க்கமாட்டான் என்கிறீர்கள். உங்கள் கேள்வி முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது. உங்கள் மாநிலத்தில் நடந்ததையே எடுத்துக்கொள்வோம்.

2022 மே 24 அன்று உவால்டி பள்ளியில் 19 குழந்தைகளையும் 2 ஆசிரியைகளையும் கொன்றவன், பதினேழு வயதிலேயே துப்பாக்கி தேடியிருக்கிறான். தனக்காக வாங்கித் தரும்படி குறைந்தது இரண்டு பேரிடம் கேட்டான், அவர்கள் மறுத்துவிட்டார்கள். டெக்சாஸ் சட்டமன்றக் குழுவின் விசாரணை அறிக்கையிலேயே இது இருக்கிறது. அப்புறம் என்ன செய்தான்? பதினெட்டு வயது ஆகட்டும் என்று காத்திருந்தான். பிறந்தநாள் வந்த ஒரு வாரத்துக்குள் லைசென்ஸ் உள்ள கடை வழியாக இரண்டு ரைபிள்களை வாங்கினான். ஃபாரம் நிரப்பினான், பணம் கட்டினான், வாங்குபவரின் பின்னணியைப் பார்க்கும் சோதனையில் தேறினான். பிறந்தநாளிலிருந்து எட்டாம் நாள் அந்தப் பள்ளிக்குள் நுழைந்தான். பதினேழு வயதில் அவனைத் தடுத்ததும் சட்டம்தான். பதினெட்டில் ‘எடுத்துக்கொள்’ என்று கையில் கொடுத்ததும் சட்டம்தான். இந்த வயது வரம்பு 21 ஆக இருந்திருந்தால் அந்த மே மாதம் அவன் கையில் அந்த ரைபிள்கள் இருந்திருக்குமா? நீங்களே நிதானமாக யோசித்துப் பாருங்கள்.

உங்கள் ஊருக்கு இன்னும் பக்கத்தில், 2023 மே 6 அன்று ஆலன் நகரத்துக் கடைவளாகத்தில் எட்டுப் பேர் கொல்லப்பட்டார்கள். இந்தியாவிலிருந்து வந்து இங்கே வேலை பார்த்த இளம் இன்ஜினியர் ஒருவரும் அதில் இறந்துபோனார். கொன்றவனிடம் எட்டுத் துப்பாக்கிகள் இருந்தன. எட்டும் சட்டப்படி வாங்கியவை என்று விசாரித்த அதிகாரிகளே சொன்னார்கள். ஆகவே இவர்கள் சட்டத்தை மதிக்கமாட்டார்கள் என்பது சரியில்லை. வாங்கும் நாள்வரை நன்றாகவே மதிக்கிறார்கள். அந்தச் சட்டம் அவர்களிடம் என்ன கேட்கிறது என்பதுதான் இப்போது நடக்கும் சண்டை.

அந்தச் சட்டத்தில் எங்கே ஓட்டை இருக்கிறது என்பதும் ரகசியம் இல்லை. ஒவ்வொரு ஓட்டையும் சில பிணங்கள் விழுந்த பிறகுதான் வெளியே தெரிந்தது.

வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 2007 ஏப்ரல் 16 அன்று 32 பேரைக் கொன்ற மாணவனை, அதற்கு ஒன்றேகால் வருடம் முன்பே ஒரு நீதி அதிகாரி பார்த்திருக்கிறார். தனக்குத்தானே ஆபத்து விளைவித்துக்கொள்ளக்கூடியவன் என்று எழுதி, மனநல சிகிச்சைக்குப் போக உத்தரவிட்டிருக்கிறார். மத்திய சட்டப்படி அப்போதே அவன் துப்பாக்கி வாங்கும் தகுதியை இழந்துவிட்டான். ஆனால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களின் விவரத்தை மட்டும்தான் வர்ஜீனியா மாநிலம் துப்பாக்கி வாங்கத் தடை உள்ளவர்களின் மத்தியப் பட்டியலுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. வெளிநோயாளியாகப் போகச் சொன்னவர்களின் பெயர் போகவில்லை. கடைக்காரர் கம்ப்யூட்டரில் பார்த்தபோது தடை எதுவும் இல்லை. இரண்டு பிஸ்டல்களும் சோதனை முடிந்தே விற்கப்பட்டன. ஒரு தாள் ஓர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்துக்குப் போகாததால் வந்த வினை அது. ‘அமெரிக்காக்காரன் சண்டை, நமக்கென்ன’ என்று எழுதும் மற்ற வாசகர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்: ஈரோடு மாவட்டத்தில் பிறந்து வளர்ந்த பேராசிரியர் ஒருவர் அன்று காலை பாடம் நடத்திக்கொண்டிருந்த வகுப்பறையிலேயே சுடப்பட்டு இறந்தார். அந்தத் தாள் போய்ச் சேரவேண்டும் என்று 2008 ஜனவரியில் சட்டம் வந்தது. துப்பாக்கி உரிமைக்காகவே இருக்கும் தேசிய ரைபிள் சங்கம்கூட அதை ஆதரித்தது.

சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் நடந்தது வேறு ஓட்டை வழியாக. 2015 ஜூனில் பைபிள் வகுப்பில் உட்கார்ந்திருந்த ஒன்பது கறுப்பின மக்களைக் கொன்ற இளைஞன், ஏற்கெனவே போதைப்பொருள் வழக்கில் கைதாகி, தன்னிடம் அது இருந்ததை ஒப்புக்கொண்டவன். அது தெரிந்திருந்தால் அவனுக்கு விற்றிருக்கவே கூடாது. எஃப்.பி.ஐ. அதிகாரி அந்தப் பதிவைத் தேடிக்கொண்டிருக்கும்போதே மூன்று வேலைநாட்கள் முடிந்துவிட்டன. மூன்று நாளில் பதில் வராவிட்டால் கடைக்காரர் விற்கலாம் என்பது சட்டம். விற்றார். அவனுக்குத் துப்பாக்கி கிடைத்திருக்கவே கூடாது என்று எஃப்.பி.ஐ. இயக்குநரே பிறகு ஒத்துக்கொண்டார்.

கத்தியைப் பற்றிக் கேட்டீர்கள். சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டது 2012 டிசம்பர் 14. அதே நாள் சீனாவின் ஹெனான் மாகாணத்தில் ஒரு கிராமத்துப் பள்ளியில் ஒருவன் கத்தியோடு புகுந்து இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகளைக் குத்தினான். ஒரு குழந்தைகூடச் சாகவில்லை. அந்தக் கேள்விக்கு இது போதும்.

இனி, துக்கத்தில் இருப்பவர்கள் ஒதுங்கியிருக்கட்டும் என்று சொன்னீர்களே, அதற்கு வருகிறேன். என்னை உண்மையாகவே வருத்தியது அந்த வரிதான்.

உங்கள் பிஸ்டலை வாங்கிய நாளை நினைத்துப் பாருங்கள். கடைக்காரர் உங்கள் பெயரைச் சரிபார்த்த பிறகுதானே கொடுத்தார்? அந்தச் சோதனையே காயப்பட்ட ஒரு குடும்பம் வாங்கிக் கொடுத்தது. 1981-ல் அதிபர் ரீகனைச் சுட்டபோது அவருடைய செய்திச் செயலர் ஜேம்ஸ் பிரேடியின் தலையில் குண்டு பாய்ந்தது. பிழைத்தார், ஆனால் மிச்ச வாழ்க்கை சக்கர நாற்காலியில். அவருடைய மனைவி சாரா, குடியரசுக் கட்சிக் குடும்பத்துப் பெண், அந்தச் சட்டத்துக்காக வருடக்கணக்கில் எம்.பி.க்களின் அறை அறையாக ஏறி இறங்கினார். 1987-ல் கொண்டுவந்த மசோதா 1993 நவம்பரில்தான் சட்டமானது. சுடப்பட்ட ரீகனே நடுவில் ஆதரவு தெரிவித்து எழுதினார். பிரேடி குடும்பம் வீட்டோடு அழுதுகொண்டிருந்தால் உங்கள் ஊர்க் கடைக்காரருக்கு இன்று சரிபார்க்க எதுவுமே இருந்திருக்காது.

அந்தச் சட்டமும் கடைக்காரரை மட்டும்தான் கட்டுப்படுத்தியது. தனிநபர் தன் துப்பாக்கியை இன்னொருவருக்கு விற்றால் மத்திய சட்டப்படி சோதனை வேண்டாம். 1999 ஏப்ரலில் கொலம்பைன் பள்ளியில் சுட்ட இரண்டு மாணவர்களுக்கு, பதினெட்டு வயதுத் தோழி ஒருத்தி துப்பாக்கிக் கண்காட்சியில் இப்படித்தான் தனிநபர்களிடமிருந்து வாங்கிக் கொடுத்தாள். சோதனை உண்டு என்றிருந்தால் வாங்கியே இருக்கமாட்டேன் என்று அவளே பிறகு சாட்சி சொன்னாள். அங்கே இறந்த ஒரு மாணவனுக்குப் பதினைந்து வயது. பள்ளியின் விவாதக் குழுவில் இருந்தவன். இரண்டு வாரம் முன்பு இரவுச் சாப்பாட்டின்போது, ‘பிரேடி சட்டத்தில் ஓட்டைகள் இருக்கின்றன, தெரியுமா அப்பா?’ என்று கேட்டிருக்கிறான். அந்த அப்பா மகனுடைய ஷூவைப் போட்டுக்கொண்டு கூட்டம் கூட்டமாகப் போய்ப் பேசினார். 2000 நவம்பரில் கொலராடோ மக்கள் வாக்கெடுப்பில், கண்காட்சி விற்பனைக்கும் சோதனை வேண்டும் என்று நூற்றுக்கு எழுபது பேர் வாக்களித்தார்கள். அவரை எந்தக் கட்சியும் கேமரா முன் தள்ளவில்லை. மகன் கேட்ட கேள்விக்குப் பதில் தேடிப் போனார்.

சாண்டி ஹூக் பெற்றோரை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே சுட்டவன் பயன்படுத்தியது அவனுடைய அம்மா சட்டப்படி வாங்கி வைத்திருந்த துப்பாக்கிகள். கண்காட்சி, இணைய விற்பனைக்கும் சோதனை என்று அவர்கள் கேட்ட சட்டம் முன்பே வந்திருந்தாலும் அந்தக் குழந்தைகள் பிழைத்திருக்கமாட்டார்கள். இதை எதிர்த்தரப்பு பெரிய கண்டுபிடிப்பாகச் சொன்னது. அந்தப் பெற்றோருக்கு அது முதலிலேயே தெரியும். தெரிந்தேதான் வாஷிங்டனுக்குப் போனார்கள். தங்கள் பிள்ளைகளுக்குப் பயன்படாத ஒரு சட்டத்தை மற்றவர் பிள்ளைகளுக்காகக் கேட்டார்கள். இதைவிட நிதானமான யோசனை எது? 2013 ஏப்ரல் 17 அன்று செனட்டில் ஆதரவாக 54 ஓட்டும் எதிராக 46 ஓட்டும் விழுந்தன. 60 தேவை என்பதால் தோற்றது. பத்தில் ஒன்பது அமெரிக்கர்கள் ஆதரிக்கிறார்கள் என்று கருத்துக்கணிப்புகள் சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது. மேலே பார்வையாளர் வரிசையிலிருந்து ‘வெட்கமாக இல்லையா!’ என்று ஒரு பெண் கத்தினார். 2011-ல் டூசான் நகரத்தில் எம்.பி. கேப்ரியல் கிஃபர்ட்ஸ் சுடப்பட்டபோது, கொலைகாரன் கையிலிருந்த தோட்டாப் பெட்டியைப் பிடுங்கியவர் அவர். அவரையும் வீட்டில் அழச் சொல்வீர்களா?

பேசினால் இவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதையும் சொல்லவேண்டும். குழந்தை சாகவே இல்லை, எல்லோரும் நடிகர்கள் என்று சதிக் கதை பரப்பும் அலெக்ஸ் ஜோன்ஸ் என்பவர் தன் நிகழ்ச்சியில் வருடக்கணக்கில் சொன்னார். அதை நம்பியவர்கள் பெற்றோருக்குக் கொலை மிரட்டல் விட்டார்கள். சிலர் வீட்டை மாற்றிக்கொண்டு போகவேண்டியிருந்தது. நீதிமன்றம் அவருக்கு நூறு கோடி டாலருக்கும் மேல் இழப்பீடு விதித்தது உண்மைதான். ஆனால் இவ்வளவையும் தாங்கிக்கொண்டு திரும்பத் திரும்ப மேடை ஏறியவர்களைப் பற்றித்தான் நீங்கள் கோஷம் என்று எழுதியிருக்கிறீர்கள்.

உவால்டி பெற்றோர் 2023 ஏப்ரலில் ஆஸ்டினில் உள்ள உங்கள் சட்டமன்றத்தில் மணிக்கணக்காகக் காத்திருந்து, இரவு வெகுநேரம் ஆன பிறகு சாட்சி சொன்னார்கள். கேட்டது ஒன்றுதான்: அந்த வகை ரைபிள் வாங்கும் வயதை 18-லிருந்து 21 ஆக்குங்கள். ஆலன் சம்பவம் நடந்து இரண்டாம் நாள், குழுவில் 8-க்கு 5 என்று அந்த மசோதா தேறியது. குடியரசுக் கட்சி உறுப்பினர்களிலும் இருவர் ஆதரித்தார்கள். அதோடு சரி. சபையின் கெடு தேதிக்குள் பட்டியலில் ஏறாமல் மசோதா செத்துப்போனது. நிதானமாக யோசிக்கக்கூடியவர்களிடம் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு வேறு ஊர் தேடவேண்டாம்.

அரசியலமைப்பு இதற்கு இடம் கொடுக்காது என்றும் உங்கள் ஊரில் சொல்வார்கள். துப்பாக்கி தனிமனித உரிமை என்று 2008-ல் தீர்ப்பளித்த அதே உச்ச நீதிமன்றம், அதே தீர்ப்பில், விற்பனைக்கு நிபந்தனை விதிக்கும் சட்டங்களைச் சந்தேகத்துக்கு உள்ளாக்கவில்லை என்று எழுதியிருக்கிறது. உங்கள் பிஸ்டலை யாரும் பிடுங்க வரவில்லை.

எங்கள் பத்திரிகை ஏன் இதில் சேர்கிறது என்று கேட்டீர்கள். பிள்ளையைப் புதைத்தவர்கள் கேட்கும் கேள்விக்கு எதிர்த்தரப்பிடமிருந்து இன்னும் ஒழுங்கான பதில் வரவில்லை என்பதால்தான்.

கடைசியாக உங்களிடம் இரண்டு விஷயம். அந்த நாட்டில் வருடத்துக்கு நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் துப்பாக்கியால் சாகிறார்கள். அதில் பாதிக்கும் மேல் தற்கொலை. பல நேரம் வீட்டிலேயே இருந்த துப்பாக்கி. வீட்டில் வளரும் பிள்ளைகள் இருந்தால் பிஸ்டலைத் தோட்டா எடுத்துப் பூட்டி, சாவியை உங்களிடம் மட்டும் வையுங்கள். என்றைக்காவது அதை விற்க நினைத்தால், முன்பின் தெரியாதவருக்கு நேராக விற்காதீர்கள். லைசென்ஸ் உள்ள கடைக்குப் போய், அவர் மூலமாக, வாங்குபவரைச் சோதித்த பிறகு கொடுங்கள். டெக்சாஸ் சட்டம் உங்களை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. செய்யக்கூடாது என்றும் சொல்லவில்லை.