ஆழ்கடலும் ஆபத்தும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி (வாசகி, கும்பகோணம்): கடலின் அடியாழத்துக்குச் செல்லும் விஞ்ஞானிகள் பயங்கரமான ஏதோ ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டு, உயிர் தப்பி மேலே வரப் போராடுகிற சாகச நாவல்களை விடாமல் படிப்பவள் நான். உண்மையில் அப்படி ஏதாவது நடந்திருக்கிறதா, எல்லாம் கற்பனைதானா?

பதில்: உலகத்தை நடுங்கவைத்த கண்டுபிடிப்பு என்று எதையும் சொல்ல முடியாது. ஆனால், கண்டுபிடிக்கப் போனவர்களையே கொன்றிருக்கக்கூடிய கண்டுபிடிப்பு ஒன்று உண்டு. எவ்வளவு பெரிய ஆபத்தில் இருந்தோம் என்பது அவர்களுக்கே பிறகுதான் தெரியவந்தது.

கதை 1977 பிப்ரவரியில் தொடங்குகிறது. அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடலாய்வு நிறுவனம் இயக்கிய ஆல்வின் என்ற மூவர் அமரும் ஆழ்கடல் ஊர்தியுடன் ஓர் ஆய்வுக்குழு, காலபகோஸ் தீவுகளுக்கு அப்பால் சுமார் 2,500 மீட்டர் ஆழத்தில் கடல்தரை பிளந்து விலகும் இடத்தை ஆராயச் சென்றது. பாறைப் பிளவுகளிலிருந்து வெந்நீர் கசிகிறதா என்று பார்ப்பதே நோக்கம் என்பதால், குழுவில் புவியியலாளர்களும் வேதியியலாளர்களும் இருந்தார்களே தவிர, உயிரியலாளர் ஒருவர்கூட இல்லை. முதலில் கப்பலிலிருந்து கயிற்றில் கட்டி இழுத்த படக்கருவி எடுத்த ஆயிரக்கணக்கான படங்களில் வெறும் எரிமலைப் பாறைதான் தெரிந்தது. நீரின் வெப்பம் ஒரு கணம் எகிறிய இடத்தில் எடுக்கப்பட்ட 13 படங்களில் மட்டும் வெள்ளை மட்டிகள் குவிந்து கிடந்தன. ஆல்வினில் இறங்கிப் பார்த்தவர்கள், சூரிய ஒளி எட்டவே எட்டாத இருட்டில் நண்டுகளும் மட்டிகளும் செந்நிறத் தலையுடைய குழாய்ப்புழுக்களும் நெருங்கி வாழ்வதைக் கண்டார்கள். அங்கிருந்து எடுத்துவந்த நீரைத் திறந்ததும் ஆய்வறையெங்கும் அழுகிய முட்டை நாற்றம் வீசியது; அது ஹைட்ரஜன் சல்ஃபைடு. உயிரினங்களைப் பதப்படுத்தும் ஃபார்மலின் போதுமான அளவு கையிருப்பில் இல்லாததால், பனாமாவில் வாங்கிவைத்திருந்த ரஷ்ய வோட்காவில் சிலவற்றை ஊறவைத்தார்கள் என்பது, எந்த நாவலாசிரியருக்கும் தோன்றாத விவரம் என்று நினைக்கிறேன்.

ஆபத்து வந்தது இரண்டு ஆண்டுகள் கழித்து. 1979 ஏப்ரலில், மெக்சிகோவுக்கு மேற்கே, கலிஃபோர்னியா வளைகுடாவின் வாயை ஒட்டிய கடலில் சுமார் 2,600 மீட்டர் ஆழத்தில், புகைபோக்கி போல் நின்ற பாறைக் குழாய் ஒன்றிலிருந்து கரும்புகை பீறிட்டு வருவதை ஆல்வினில் இருந்தவர்கள் கண்டார்கள். ஊர்தியை ஓட்டிய டட்லி ஃபாஸ்டர், வெப்பமானியை அந்தக் குழாயின் வாயில் நுழைத்தார். கருவி அளக்கக்கூடிய எல்லையையும் தாண்டி முள் ஓடியது. கருவி பழுதாகிவிட்டது போலும் என்று எண்ணிக்கொண்டு கப்பலுக்குத் திரும்பிப் பார்த்தபோதுதான், வெப்பமானியைத் தாங்கியிருந்த பிளாஸ்டிக் தண்டு உருகியிருப்பது தெரிந்தது. புதிய கருவியோடு போய் அளந்தபோது அந்த நீரின் வெப்பம் சுமார் 350 டிகிரி செல்சியஸ்.

இங்கேதான் வயிற்றைக் கலக்கும் விஷயம் வருகிறது. ஆல்வினின் சன்னல்கள் அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை. வெளிப்பக்கம் அகன்றும் உட்பக்கம் குறுகியும் ஆப்பு போலச் செய்து பொருத்தப்பட்டவை. கடலின் அழுத்தம் அதிகரிக்க அதிகரிக்க அவை தம் இருக்கையில் இன்னும் இறுகி அமரும். ஆனால் அந்தப் பொருள் 350 டிகிரிக்கு வெகு கீழேயே இளகத் தொடங்கிவிடும். அத்தனை ஆழத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் சுமார் 260 கிலோ எடைக்கு நிகரான அழுத்தம் இருக்கிறது. வேடிக்கை பார்க்கும் ஆர்வத்தில் சன்னலை அந்தப் புகைக்கு நேராகக் கொண்டுபோயிருந்தால், உள்ளே இருந்த மூவருக்கும் என்ன நடந்தது என்று உணரக்கூட நேரம் இருந்திருக்காது.

கேள்வி (வாசகர், தூத்துக்குடி): 350 டிகிரி நீர் ஏன் கொதிக்கவில்லை? கடலுக்குள் புகை எப்படி வரும்? மேலும், எங்கள் ஊரில் சங்கு குளிப்பவர்கள் ஆழத்திலிருந்து வேகமாக மேலே வந்தால் மூட்டுவலியும் பக்கவாதமும் வரும் என்பார்கள். இந்த ஊர்திகளில் செல்வோருக்கு அது இல்லையா?

பதில்: பிரஷர் குக்கரில் நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருப்பதன் காரணமே இதற்கும்; அங்கே மூடி செய்கிற வேலையை இங்கே தலைக்கு மேல் நிற்கும் இரண்டரைக் கிலோமீட்டர் உயரத் தண்ணீர் செய்கிறது. புகை என்று தோன்றுவது புகையன்று. பாறையின் ஆழத்தில் சூடேறிய நீர், இரும்பு, செம்பு, துத்தநாகம் முதலியவற்றைக் கரைத்துக்கொண்டு வந்து, ஏறக்குறைய 2 டிகிரி குளிர்ந்த கடல்நீரில் கலந்தவுடன், அவை சல்ஃபைடுத் துகள்களாகப் பிரிந்து கரும்புகை போலக் காட்சியளிக்கின்றன. அந்தத் துகள்கள் படிந்து படிந்துதான் குழாயும் வளர்கிறது.

சங்கு குளிப்போர் பற்றிய உங்கள் கேள்வி மிகச் சரியானது. கதைகளில் அதிகம் தவறுவதும் இந்த இடத்தில்தான். அழுத்தமேற்றிய காற்றைச் சுவாசித்து மூழ்குபவரின் இரத்தத்தில் நைட்ரஜன் கரைகிறது. அவசரமாக மேலே வந்தால் அது குமிழிகளாகிப் படுத்துகிறது. ஆல்வின் போன்ற ஊர்தியின் உருண்டை அறைக்குள் இருப்பதோ நம் வீட்டு முற்றத்தில் உள்ள அதே காற்றழுத்தம். ஆகவே எத்தனை வேகமாக ஏறினாலும் அந்த நோய் வராது. அதேபோல், சன்னலில் மெல்ல மெல்லக் கீறல் விழுந்து நீர் சொட்டுவதும், கதாநாயகன் கைக்குட்டையால் அதை அடைப்பதும் பார்க்க விறுவிறுப்பாக இருக்கலாம். அந்த ஆழத்தில் நீர் சொட்டாது, வெட்டும்.

கேள்வி (செவிலியர், மதுரை): அந்த ஊற்றுகளிலிருந்து இதுவரை அறியாத கிருமி ஒன்று மேலே வந்து கொள்ளைநோயைப் பரப்பினால் என்ன ஆகும்?

பதில்: உங்கள் தொழிலுக்கே உரிய பதிலாகச் சொல்கிறேன். மருத்துவமனையில் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யும் ஆட்டோகிளேவை 121 டிகிரியில் வைப்பீர்கள் அல்லவா? பசிபிக் கடலின் வெந்நீர் ஊற்றுப் பாறையிலிருந்து பிரித்தெடுத்த நுண்ணுயிர் ஒன்றை ஆய்வாளர்கள் அதே 121 டிகிரியில் ஒரு நாள் முழுவதும் வைத்தார்கள். அது சாகவில்லை என்பது மட்டுமல்ல, எண்ணிக்கையில் இரட்டித்தும் இருந்தது. 2003-இல் வெளியான இந்தச் செய்தியைக் கொண்டு எவரும் ஒரு திகில் தொடர்கதையை எழுதிவிடலாம். ஆனால், அந்த உயிர் சுமார் 85 டிகிரிக்குக் கீழே வளர்வதே இல்லை. நம் உடலின் 37 டிகிரி அதற்கு உறைபனிக் கிடங்கு. மாறாக, இத்தகைய உயிர்கள் நமக்கு உதவியிருக்கின்றன: கலிஃபோர்னியா வளைகுடாவிலுள்ள குவாய்மாஸ் படுகையில் 2,010 மீட்டர் ஆழ ஊற்றிலிருந்து கிடைத்த ஒரு நுண்ணுயிரின் நொதி, மரபணுவைப் பிரதியெடுக்கும் பிசிஆர் சோதனைகளுக்காக விற்பனையாகிறது.

கேள்வி (கல்லூரி மாணவர், சென்னை): நம் நாட்டில் இத்தகைய ஊர்தி உண்டா?

பதில்: உங்கள் ஊரிலேயே உருவாகிவருகிறது. தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகம் வடிவமைத்துள்ள மத்ஸ்யா 6000, மூவரை 6,000 மீட்டர் ஆழத்துக்கு ஏற்றிச் செல்லும் நோக்குடையது. 2025 தொடக்கத்தில் காட்டுப்பள்ளித் துறைமுக நீரில் அதைச் சோதித்தார்கள்.

கேள்வி (வாசகர், புதுச்சேரி): ஆழ்கடல் சாகசத் தொடர் ஒன்று எழுத முயல்கிறேன். உண்மைக்கு நெருக்கமான ஒரு திருப்பம் சொல்லுங்களேன்.

பதில்: சிவப்புப் பொத்தானை அழுத்தும் பைத்தியக்கார விஞ்ஞானியை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். 1968 அக்டோபரில், ஆல்வினைக் கடலில் இறக்கிக்கொண்டிருந்தபோது இரும்புக் கயிறுகள் அறுந்தன. மூடி திறந்திருந்ததால் உள்ளே இருந்த மூவரும் ஏறிக் குதித்துத் தப்பினார்கள். ஊர்தி சுமார் 1,500 மீட்டர் ஆழத்துக்குப் போய்விட்டது. பத்து மாதத்துக்கும் மேல் கழித்து, 1969-இல் அதை மீட்டார்கள். உள்ளே அவர்கள் விட்டுவந்த மதிய உணவு அப்படியே இருந்தது. உப்புநீரில் ஊறிப்போன இறைச்சி சாண்ட்விச்சும் ஆப்பிள்களும் கிட்டத்தட்டக் கெடாமல் இருந்தன. அதே உணவை மேலே கொண்டுவந்து, கடலடியின் குளிருக்கு இணையாகக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தபோது சில வாரங்களில் அழுகிவிட்டது. கடலடியில் அழுகல் ஏன் அத்தனை மெதுவாக நடக்கிறது என்ற ஆராய்ச்சிக்கு வழிவகுத்தது அந்தச் சாண்ட்விச்தான். உங்கள் முதல் அத்தியாயத்தை அங்கிருந்து தொடங்கலாம்.