வண்டி வேலையும் வீட்டு வேலையும் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அம்மா,

குளிர்காலத்தை அரிசோனா பாலைவனத்தில் ஆர்.வி.யில், அதாவது படுக்கையும் சமையலறையும் உள்ள வீட்டு வண்டியில், கழிப்பது பற்றி நீங்கள் எழுதிவருவதைத் தவறாமல் வாசிக்கிறேன். நானும் மனைவியும் நெடுங்காலமாக மினசோட்டாவில் இருக்கிறோம். இருவரும் ஓய்வுபெற்றுவிட்டோம். பனி அள்ளி அள்ளி என் முதுகு போய்விட்டது. 24 அடி நீளத்தில் பழைய மோட்டார் ஹோம் ஒன்று வாங்கியிருக்கிறோம். நவம்பர் முதல் மார்ச் வரை அரிசோனாவின் பாலைவன ஊரான குவார்ட்ஸைட்டில் இருக்கலாம் என்று எண்ணம். இந்த வயதில் ஆஸ்பத்திரியை விட்டு அவ்வளவு தூரம் போகக்கூடாது என்கிறாள் மகள். மனைவிக்கு ஆசைதான், ஆனால் இயந்திரம் என்றாலே ஒதுங்கிவிடுவாள். வண்டி வேலை முழுவதையும் நான் பார்த்துக்கொள்வேன், சமையலை அவள் பார்த்துக்கொள்வாள், அதனால் பெரிய சிரமம் இருக்காது என்று நினைக்கிறேன். அன்றாடத்தில் எதற்கெல்லாம் தயாராக வேண்டும்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

தாராளமாகப் போய் வாருங்கள். உங்கள் முதுகும் அதைத்தான் கேட்கிறது. ஆனால் வண்டி உங்களுக்கு, சமையல் அவருக்கு என்று பங்கு பிரித்திருக்கிறீர்களே, கடிதத்தில் அந்த ஒரு வரிதான் எனக்குக் கவலை தந்தது. வீட்டில் அப்படி வாழ்ந்துவிடலாம். ஆர்.வி.யில் முடியாது.

முதலில், அங்கே சமையலும் வண்டி வேலைதான். நம் அடுப்பில் சாதம், பருப்பு, குழம்பு, ரசம் என்று எப்போதும் ஏதாவது கொதித்துக்கொண்டிருக்கும். அந்த ஆவி போக இடமில்லை. அடுப்பில் எரியும் புரொப்பேனும் நீராவியைத்தான் வெளிவிடுகிறது. ஒரு காலன் எரிந்தால் முக்கால் காலனுக்கு மேல் தண்ணீர். குவார்ட்ஸைட்டில் ஜனவரிப் பகலில் மெல்லிய சட்டை போதும். இரவு சில நாள் உறைநிலை வரை இறங்கும். அப்போது அந்த ஈரம் முழுவதும் ஜன்னல் கண்ணாடியில் வழியும். கண்ணாடியைத் துடைத்துவிடலாம். யாரும் பார்க்காத இடம் மெத்தையின் அடிப்புறம். பலகைக்கும் மெத்தைக்கும் நடுவில் கையை விட்டுப் பாருங்கள், சொதசொதவென்று இருக்கும். கவனிக்காமல் விட்டால் கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கும், பிறகு இருமல் தொடங்கும், எதனால் என்றே தெரியாது. வெளியே எவ்வளவு குளிர்ந்தாலும் கூரைத் திறப்பை விரற்கடையாவது திறந்து, விசிறியை ஓடவிட்டுத்தான் சமைக்க வேண்டும். மெத்தைக்கு அடியில் காற்றுப் புக மரச்சட்டம் போடுங்கள். புகை வெளியே போக வழியில்லாத சிறிய கேஸ் ஹீட்டர்களைப் பலர் இரவில் எரியவிட்டுத் தூங்குகிறார்கள். அது ஈரத்தையும் கூட்டும், உயிருக்கும் ஆபத்து. கார்பன் மோனாக்சைடு அலாரத்துக்குக் காலாவதித் தேதி உண்டு. பழைய வண்டி என்கிறீர்கள், முதல் வேலையாக அதைப் பாருங்கள்.

தண்ணீரும் அப்படித்தான். நீங்கள் தங்க நினைப்பது குவார்ட்ஸைட்டை ஒட்டிய லா போசா என்றால், அது மத்திய அரசின் நில மேலாண்மைப் பணியகம் நடத்தும் இடம். செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை ஒரே அனுமதியில் இருக்கலாம். குடிநீர் பிடிக்கவும் வண்டியின் கழிவுநீர்த் தொட்டிகளைக் காலி செய்யவும் தெற்குப் பகுதியில் வசதி உண்டு, ஆனால் நீங்கள் நிற்கும் இடத்துக்குக் குழாயோ மின்சாரமோ வராது. குழம்புச் சட்டியை அப்படியே கழுவினால் எண்ணெய் கழுவுநீர்த் தொட்டியின் சுவரில் ஒட்டிக்கொண்டு, அளவு காட்டும் கருவி பொய் சொல்லத் தொடங்கும். காகிதத்தால் வழித்துத் துடைத்த பிறகே கழுவ வேண்டும். கழிப்பறைத் தொட்டியின் வால்வை எப்போதும் மூடியே வையுங்கள். திறந்து வைத்தால் நீர் ஓடிவிடும், மற்றது அடியில் இறுகிவிடும். காலி செய்யும்போது முதலில் அதையும் பிறகு கழுவுநீர்த் தொட்டியையும் திறந்தால், பின்னால் வரும் தண்ணீர் குழாயை அலசிக்கொண்டு போகும். அருவருப்பான வேலை என்று மனைவியை ஒதுக்கி வைக்காதீர்கள். கையுறை போட்டுக்கொண்டால் கால் மணி நேர வேலை.

இப்போது நான் எழுத வந்ததைச் சொல்கிறேன். ஒரு குளிர்காலத்தில் எங்கள் பக்கத்தில் மிச்சிகனிலிருந்து வந்த வயதான தம்பதி நின்றிருந்தார்கள். ஒரு சாயங்காலம் கணவருக்குப் பக்கவாதம் வந்தது. ஹெலிகாப்டரில் ஃபீனிக்ஸுக்குக் கொண்டுபோனார்கள். விடிந்ததும் யாராவது காரில் அழைத்துப் போவதாக ஏற்பாடு. அந்த அம்மாள் அன்றிரவு தனியாக வண்டியில் இருந்தார். நள்ளிரவுக்குப் பிறகு ஹீட்டர் நின்றுவிட்டது. கேஸ் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக் கோட்டு, கம்பளி எல்லாவற்றையும் போர்த்திக்கொண்டு காலைவரை உட்கார்ந்திருந்திருக்கிறார். கேஸ் நிறைய இருந்தது. தீர்ந்தது பேட்டரி. வெப்பம் தருவது கேஸ்தான், ஆனால் அதை உள்ளே தள்ளும் விசிறி பேட்டரியில் ஓடுகிறது. பேட்டரி இறங்கினால் கேஸ் எவ்வளவு இருந்தும் பயனில்லை. குளிர்காலத்தில் பகல் சுருங்கி, சூரியனும் தாழ்ந்தே போவதால் கூரைமேல் படுத்திருக்கும் சோலார் தகடு அரைகுறையாகத்தான் நிரப்பும். அதை அறிந்து, பகலில் தகட்டைச் சாய்த்து வைத்ததும் தேவைப்பட்டால் ஜெனரேட்டரை ஓட்டியதும் அவர் கணவர். இந்த அம்மாளுக்கு அந்தப் பொத்தான் எங்கே என்றுகூடத் தெரியாது. வண்டியை ஒரு நாளும் ஓட்டியதில்லை. கடைசியில் அதை ஃபீனிக்ஸுக்கு ஓட்டிப்போனது முன்பின் அறியாத ஒருவர். கணவர் கிடக்கும் நிலையில் அந்த அம்மாள் என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னது, எனக்கு எதுவுமே தெரியாதே என்பதுதான். அறிவில் குறைந்தவர் அல்லர். ஆயுள் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். வேலையைப் பிரித்துக்கொண்டபோது இதற்கெல்லாம் அவசியமில்லை என்று இருவருமே நினைத்திருக்கிறார்கள்.

ஆகவே இந்தக் கோடையிலேயே மனைவியை ஓட்டவையுங்கள். உங்கள் அளவு வண்டிக்குச் சாதாரண உரிமமே போதும். ஞாயிற்றுக்கிழமை காலியாகக் கிடக்கும் பெரிய கார் நிறுத்துமிடம் நல்ல பயிற்சிக்களம். புறப்படும் முன் செய்யும் வேலைகளை, கேஸை அடைப்பது, கூரைத் திறப்பை மூடுவது, படியை உள்ளே இழுப்பது, குளிர்சாதனப் பெட்டியின் கதவைப் பூட்டுவது என்று ஒவ்வொன்றாக அவர் கையால் செய்யட்டும். நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள், கை வைக்காதீர்கள். அதேபோல ஒரு வாரம் நீங்கள் சமையுங்கள். அவர் காய்ச்சலில் படுத்தால் அங்கே வாசலில் உணவு கொண்டுவந்து தர ஆளிருக்காது.

மகள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. குவார்ட்ஸைட்டில் ஆஸ்பத்திரி கிடையாது. வடக்கே சுமார் 35 மைல் தள்ளி பார்க்கரில் இருக்கிறது. உங்கள் மருத்துவக் காப்பீடு, முதியோருக்கான அரசின் நேரடி மெடிகேரா, தனியார் நிறுவனம் நடத்தும் அட்வான்டேஜ் திட்டமா என்று பாருங்கள். முன்னது நாடு முழுவதும் அதை ஏற்கும் மருத்துவர்களிடம் செல்லும். பின்னதில் அவசர சிகிச்சை எங்கும் கிடைத்தாலும், சாதாரண மருத்துவத்துக்குப் பெரும்பாலும் உங்கள் ஊர் மருத்துவர் வட்டத்தை விட்டு வெளியேறினால் செலவு கையைக் கடிக்கும். மாத்திரைகளை மூன்று மாதத்துக்குச் சேர்த்தே வாங்கிக்கொள்ளுங்கள்.

மினசோட்டாவில் நவம்பரில் தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடிக்கும். அதனால் உறையாத் திரவம் ஊற்றித்தான் புறப்பட வேண்டியிருக்கும். தெற்கே குளிர் குறையும்வரை வண்டிக் குழாயில் தண்ணீர் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் நடுவில் கிளம்பினால் இந்தத் தொல்லை மிச்சம்.

பாலைவனத்தில் தெருப்பெயரோ கதவு எண்ணோ கிடையாது. அவசர உதவிக்கு 911-ஐ அழைத்தால் எங்கே இருக்கிறீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. போய்ச் சேர்ந்த அன்றே அட்சரேகை, தீர்க்கரேகை, பிரிந்து வந்த சாலையின் பெயர், இருவரின் மருந்துப் பட்டியல் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கதவுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். இடம் மாறினால் தாளையும் மாற்றுங்கள். ஒவ்வொரு முறையும் அதைப் படமெடுத்து மகளுக்கு அனுப்பும் பொறுப்பை மனைவியிடம் கொடுங்கள். ஜனவரியில் நாங்களும் லா போசாவில்தான் இருப்போம். வந்து சேர்ந்ததும் எழுதுங்கள்.