பழைய கிட்டார், மாற்றிய பிக்கப்: மீட்டர் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?

கேள்வி: பிக்கார்டை (கிட்டாரின் முன்பக்கத் தகடு) கழற்ற விற்பவர் சம்மதிக்கவில்லை. எலெக்ட்ரிக் கிட்டாரைத் திறக்காமலே பிக்கப்பை (தந்திகளின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் காந்தமும் கம்பிச் சுருளும்) அளக்க முடியுமா?

முடியும். ஒரு கிட்டார் கேபிளும் சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரும் போதும். முதலில் கேபிளை மட்டும் சோதியுங்கள்: பிளக்கின் நுனிக்கும் தண்டுக்கும் இடையே எந்த ரீடிங்கும் வரக்கூடாது. பிறகு ஒரு முனையைக் கிட்டாரில் செருகி, மறுமுனையின் நுனியில் ஒரு புரோப், தண்டில் இன்னொரு புரோப். மீட்டர் 20 கிலோ ஓம் ரேஞ்சில். இரண்டு புரோப்பின் உலோக முனையையும் விரலால் பிடிக்காதீர்கள். உங்கள் உடம்பின் ரெசிஸ்டன்ஸும் கணக்கில் சேரும்.

வால்யூம் முழுக்க 10-ல் இருக்க வேண்டும். பாதியில் இருந்தால் 8 கிலோ ஓம் பிக்கப் பல பத்து கிலோ ஓமாகத் தெரியும். பூஜ்யத்தில் இருந்தால் மீட்டரும் பூஜ்யம் காட்டும். ‘பிக்கப் போச்சு’ என்று விலை குறைக்கக் கிளம்புகிறவர்களில் பலர் வால்யூமைப் பார்க்க மறந்தவர்கள்தான். டோன் நாப் எங்கே இருந்தாலும் பரவாயில்லை; அங்குள்ள கெபாசிட்டர் டிசி மின்சாரத்தை விடாது.

வால்யூம் பாட் (நாபுக்குக் கீழே உள்ள மாறும் ரெசிஸ்டர்) பிக்கப்புக்கு இணையாக நிற்பதால் ரீடிங் உண்மையைவிடச் சற்றுக் குறையும். 500 கிலோ ஓம் பாட்டில் 8 என்பது 7.87 ஆகும், 250 பாட்டில் 6 என்பது 5.86. இதைச் சண்டைக்கு எடுக்க வேண்டாம்.

செலக்டரின் (எந்தப் பிக்கப் ஒலிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் சுவிட்ச்) ஒவ்வொரு நிலையிலும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஸ்ட்ராட்டின் (ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டர் வகை) 2, 4-ம் நிலைகளில் இரண்டு பிக்கப் இணையாக வருவதால், ஒவ்வொன்றும் 6 என்றால் சுமார் 3 காட்ட வேண்டும். லெஸ் பால் வகையில் நடு நிலையும் அப்படியே: 8-ம் 7.5-ம் சேர்ந்தால் 3.9-க்குச் சற்றுக் கீழே. நடு நிலையிலும் 8 என்றே வந்தால் ஒரு பிக்கப் அங்கே இணையவில்லை. சுவிட்சையோ அதற்குப் போகும் ஒயரையோ பார்க்க வேண்டும்.

கேள்வி: எவ்வளவு இருந்தால் சரி?

பழைய பாணி ஸ்ட்ராட் சிங்கிள் காயில் (ஒரே காயில் உள்ள பிக்கப்) சுமார் 5.5 முதல் 6.5 கிலோ ஓம். கிப்சனின் பழைய பிஏஎஃப் பாணி ஹம்பக்கர் (இரண்டு காயில் உள்ள பிக்கப்) 7 முதல் 9. அதிக அவுட்புட் ஹம்பக்கர்கள் 13-க்கு மேல். கிரெட்ச் ஃபில்ட்டர்ட்ரான் வெறும் 4 பக்கத்தில் இருக்கும். அது கெட்டுப்போனதல்ல, அதன் வடிவமைப்பே அது. ஸ்ட்ராட்டில் சிங்கிள் காயில் அளவுள்ள ஒன்று 16 காட்டினாலும் பதற வேண்டாம். ஒரே உறைக்குள் இரண்டு காயில் வைத்த ரெயில் வகை ஹம்பக்கராக இருக்கலாம்.

கேள்வி: பிரிட்ஜ் பக்கம் செய்மோர் டங்கன் ஜேபி ஹம்பக்கர் போட்டிருப்பதாக விற்பவர் சொல்கிறார். மீட்டரில் 8.1 வருகிறது. ஏமாற்றா?

அவசரப்படாதீர்கள். ஜேபி சுமார் 16.4 கிலோ ஓம். அதில் சரிபாதி வருகிறதென்றால் பெரும்பாலும் காயில் ஸ்ப்ளிட் ஆகியிருக்கிறது, அதாவது இரண்டு காயிலில் ஒன்று மட்டும் இணைந்திருக்கிறது. நாப்களை ஒவ்வொன்றாக மேலே இழுத்துப் பாருங்கள். புஷ்-புல் பாட் இருந்தால் ரீடிங் 16-க்குத் தாவும். 4 பக்கம் வந்தால் இரண்டு காயிலும் இணையாகக் கட்டப்பட்டுள்ளன.

எதை இழுத்தாலும் 8 என்றால் மூன்று வாய்ப்பு. வேறு பிக்கப், ஒரு காயில் ஷார்ட், அல்லது முன்பு மாற்றியவர் ஒயரைத் தவறாகக் கட்டியது. ஆம்பில் இணைத்து, வால்யூமைக் குறைவாக வைத்து, இரும்பு ஸ்க்ரூடிரைவரால் இரண்டு வரிசைத் துருவங்களையும் (தந்திகளுக்குக் கீழே தெரியும் உலோக முனைகள்) மெல்லத் தட்டுங்கள். ஒரு வரிசையில் ‘டப்’ என்று பலமாகக் கேட்டு மற்றதில் மிகவும் மங்கலாகக் கேட்டால் ஒரு காயில் வேலை செய்யவில்லை. விற்பவர் சம்மதித்தால் பின்மூடியைத் திறந்து ஒயர் நிறத்தைப் பாருங்கள். டங்கனில் கறுப்பு ஹாட் (சிக்னல் போகும் ஒயர்), பச்சை கிரவுண்ட். சிவப்பும் வெள்ளையும் ஒன்றாகச் சேர்த்துத் தனியே டேப் சுற்றி இருக்க வேண்டும். அந்தச் சேர்ப்பு நேராகக் கிரவுண்டில் சால்டர் ஆகியிருந்தால் நிரந்தர ஸ்ப்ளிட். பிரித்தாலே ஜேபி திரும்பிவிடும். டிமார்சியோவில் சிவப்பு ஹாட், பச்சை கிரவுண்ட், கறுப்பும் வெள்ளையும் சேர்ப்பு. ஒரு கம்பெனி பிக்கப்பை இன்னொரு கம்பெனியின் நிறக் கணக்கில் கட்டுவது மாற்றிய கிட்டார்களில் வழக்கமான கோளாறு.

16.4 வந்துவிட்டது என்பதால் மட்டும் அது ஜேபி என்று உறுதியாகாது. அந்த அளவுக்கு யாரும் சுற்றலாம்.

கேள்வி: நெக் நிலையில் மீட்டர் ‘1’ மட்டும் காட்டுகிறது. வாங்கலாமா?

‘1’ மட்டும் என்றால் அளவு அந்த ரேஞ்சைத் தாண்டிவிட்டது என்று பொருள். ரேஞ்சை 2000 கிலோ ஓமுக்கு மாற்றுங்கள். அங்கே 250 அல்லது 500-ஐ ஒட்டிய எண் வந்தால் நீங்கள் பார்ப்பது பிக்கப்பை அல்ல, வால்யூம் பாட்டை. பிக்கப்பின் காயில் அறுந்திருக்கிறது, அல்லது அதன் ஒயர் சால்டரிலிருந்து விட்டிருக்கிறது. இரண்டாவது ஐந்து நிமிட வேலை. முதலாவது ரீவைண்டிங் அல்லது புதுப் பிக்கப். திறந்து பார்க்க முடியாவிட்டால் புதுப் பிக்கப் விலையைக் கழித்துப் பேசுங்கள். 2000-லும் ‘1’ என்றால் ஜாக்கிலோ சுவிட்சிலோ தொடர்பு இல்லை. அது மலிவான கோளாறு.

கேள்வி: இரண்டு பிக்கப்பும் சரியான ரீடிங். ஆனால் சேர்த்து வாசித்தால் ஒலி மெலிந்து மூக்கடைத்த மாதிரி இருக்கிறது.

ஃபேஸ் எதிரெதிராக இருக்கிறது: ஒன்றின் சிக்னல் ஏறும்போது மற்றதன் சிக்னல் இறங்கி, ஒன்றையொன்று அழிக்கின்றன. ரெசிஸ்டன்ஸ் எண்ணில் இது தெரியாது. மீட்டரை 20 கிலோ ஓமிலேயே வைத்து, ஸ்க்ரூடிரைவரைத் துருவத்தில் ஒட்டிச் சட்டென்று விலக்குங்கள். எண் முதலில் ஏறுகிறதா, இறங்குகிறதா? எல்லா பிக்கப்பிலும் ஒரே திசை வர வேண்டும். முள் மீட்டர் கிடைத்தால் இன்னும் தெளிவு.

தீர்வு, ஒரு பிக்கப்பின் இரண்டு ஒயரை இடம் மாற்றுவது. டெலிகாஸ்டர் நெக் போன்ற உலோக மூடி உள்ளவற்றில் மட்டும் கவனம்: மூடி கிரவுண்ட் ஒயரோடு இணைந்திருக்கும். அப்படியே மாற்றினால் மூடி ஹாட் ஆகி, தொட்டாலே இரையும். மூடிக்குப் போகும் இணைப்பைப் பிரித்துத் தனி கிரவுண்ட் ஒயர் கொடுத்த பிறகே மாற்ற வேண்டும்.

கேள்வி: ஈஎம்ஜி 81 போட்ட கிட்டாரை எப்படி அளப்பது?

ஓம் மீட்டரை விடுங்கள். ஆக்டிவ் பிக்கப்பில் காயிலுக்கும் வெளிவழிக்கும் நடுவே ப்ரீஆம்ப் இருப்பதால் அந்த எண்ணுக்குப் பொருளில்லை. புது 9 வோல்ட் பேட்டரி போட்டு வாசித்துப் பாருங்கள். பாட் 25 கிலோ ஓமாக இருக்கிறதா என்றும் கேளுங்கள். பழைய 500-ஐ அப்படியே விட்டிருந்தால் வால்யூம் ஒரே தாவலில் ஏறி இறங்கும்.

கேள்வி: காலையில் 7.9, மதியம் 8.2. பிக்கப் கெடுகிறதா?

வெயில்தான் காரணம். செம்பின் ரெசிஸ்டன்ஸ் ஒரு டிகிரி செல்சியஸுக்குச் சுமார் 0.4 சதவீதம் ஏறும். 10 டிகிரிக்கு 4 சதவீதம். மே மாதச் சென்னையில் மின்விசிறி மட்டும் உள்ள அறையில் அளந்துவிட்டு, கம்பெனி தாளில் போட்ட எண்ணோடு தசமம் வரை ஒப்பிடாதீர்கள்.

கேள்வி: எண் பெரிதாக இருந்தால் ஒலியும் பலமா?

ஒரே கம்பி, ஒரே காந்தம், ஒரே வடிவம் என்றால் ஓரளவு ஆம். இல்லையென்றால் இல்லை. ஏடபிள்யூஜி (கம்பித் தடிமனின் எண்; எண் கூடினால் கம்பி மெல்லியது) 42-க்குப் பதில் 43 சுற்றினால் அதே நீளத்துக்கே ரெசிஸ்டன்ஸ் கால் பங்குக்கு மேல் ஏறும். அவுட்புட் அந்த அளவு ஏறாது. இண்டக்டன்ஸ் இதைவிட நல்ல வழிகாட்டி, ஆனால் அதற்கு எல்சிஆர் மீட்டர் வேண்டும். வாங்கப் போகும் இடத்தில் ஓம் எண்ணை ‘உயிரோடு இருக்கிறதா, எப்படிக் கட்டியிருக்கிறது’ என்பதற்கு மட்டும் வைத்துக்கொண்டு, ஒலியை உங்கள் ஆம்பில் கேட்டு முடிவு செய்யுங்கள். கழற்றிய பழைய பிக்கப் விற்பவரிடம் இருக்கிறதா என்றும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் விற்கும்போது அதற்குத் தனி மதிப்பு உண்டு.