மூன்று வயதுக் குழந்தைக்கு அனிஷினாபேமொவின் மொழியைக் கதை சொல்லியே கற்றுத்தர முடியுமா?

கனடாவில் ஒண்டாரியோ மாகாணத்தின் வடக்கே ஒரு குழந்தைகள் காப்பகத்தில் உதவியாளராகச் சேர்ந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வாரத்துக்கு இரண்டு நாள் ஒரு பாட்டி வந்து, அனிஷினாபேமொவின் மொழியில் கதை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறார் என்கிறீர்கள். எண், வண்ணம், எழுத்து எதுவும் இல்லாமல் வெறும் கதையால் குழந்தைக்கு மொழி வந்துவிடுமா, அந்த மொழி ஒரு சொல்லும் தெரியாத நீங்கள் அங்கே உட்கார்ந்து என்ன செய்வது என்பது உங்கள் கேள்வி.

வரும். அதே மாகாணத்தின் தண்டர் பே நகரில் இதே வேலையை ஆறு குளிர்காலம் பார்த்தவள் நான். கதை இல்லாமல்தான் இந்த மொழி வராது என்று அடித்துச் சொல்வேன்.

முதலில் அந்தப் பாட்டி யார் என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். ஒஜிப்வே என்று வெளியார் அழைக்கும் பழங்குடி மக்கள் தங்களை அனிஷினாபே என்கிறார்கள். அவர்கள் மொழிதான் அனிஷினாபேமொவின். கனடாவிலும் அமெரிக்காவிலும் பேரேரிகளைச் சுற்றியுள்ள நிலம் அவர்களுடையது. கனடாவின் உறைவிடப் பள்ளிகளில் ஏறத்தாழ 1,50,000 பழங்குடிக் குழந்தைகள் அடைக்கப்பட்டார்கள். தாய்மொழி பேசினால் அடி, பட்டினி என்று அங்கே நடந்தவற்றை அந்நாட்டின் உண்மை, நல்லிணக்க ஆணையம் 2015இல் வெளியிட்ட இறுதி அறிக்கையில் பதிவு செய்திருக்கிறது. அந்த அடியை வாங்கியவர்களில் பலர், தம் பிள்ளைகளாவது தப்பிக்கட்டும் என்று வீட்டில் ஆங்கிலம் மட்டுமே பேசினார்கள். இன்று மொழி தெரிந்தவர் பாட்டி, கற்பது பேரன், நடுவில் நிற்கும் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் தெரியாது. வீட்டில் யாரும் பேசாத மொழி குழந்தையின் வாயில் வர வேண்டுமென்றால், பாட்டி வரும் அந்த நாற்பது நிமிடம் எப்படிக் கழிகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நான் சேர்ந்த முதல் மாதத்தில் ஒரு வண்ண அட்டை செய்தேன். வட்டம் வட்டமாகக் காகிதம் வெட்டி ஒட்டி, கீழே எழுதுவதற்குச் சொல் கேட்டுப் பாட்டியிடம் போனேன். சிவப்பு வட்டத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "எது சிவப்பாக இருக்கிறது?" என்று கேட்டார். எனக்குக் கேள்வியே புரியவில்லை. பிறகு பொறுமையாக விளக்கினார். இந்த மொழியில் சிவப்பாக இருப்பது ஒரு வினை. சிவந்திருக்கும் பொருள் உயிரற்ற வகை என்றால் மிஸ்க்வா. உயிருள்ள வகை என்றால் மிஸ்கொஸி. காகித வட்டத்துக்குக் கீழே எதை எழுதுவது?

நம் உயர்திணை, அஃறிணை போன்ற பகுப்புதான். ஆனால் கோடு வேறு இடத்தில் விழுகிறது. மனிதர், விலங்கு, மரம் உயிருள்ள வகை. கல்லும் அப்படித்தான்; அஸின் என்ற கல்லைப் பற்றிப் பேசும்போது உயிருள்ளவற்றுக்கான வினையே வரும். ராஸ்பெரிப் பழம் உயிருள்ளது, ஸ்ட்ராபெரிப் பழம் உயிரற்றது. இதைச் சட்டமாகச் சொல்லிக்கொடுத்தால் பெரியவர்களே திணறுகிறோம். கதையில் ஒரு கல் எழுந்து உருண்டு யாரையாவது துரத்தினால், குழந்தைக்கு அது எந்த வகை என்று சொல்லவே வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு, அதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் கதையின் அருமை எனக்கு முழுதாக விளங்கியது. "கரடி முயலைப் பார்த்தது. அது ஓடியது" என்று தமிழில் சொன்னால், ஓடியது கரடியா முயலா? நாம் ஊகித்துக்கொள்கிறோம். அனிஷினாபேமொவினில் ஊகம் தேவையில்லை. கதையில் இரண்டு பேர் வந்துவிட்டால் ஒருவர் முன்னால் நிற்பவர், மற்றவர் பின்னால் நிற்பவர். பின்னால் நிற்பவரின் பெயரிலும் அவர் செய்யும் வினையிலும் தனி ஈறு ஏறிவிடும். முயல் வாபூஸ், பின்னால் நிற்கும்போது வாபூஸூன். "மக்வா ஒவாபமான் வாபூஸூன்" என்றால் கரடி முயலைப் பார்க்கிறது. "மக்வா ஒவாபமிகூன் வாபூஸூன்" என்றால் முயல்தான் கரடியைப் பார்க்கிறது. பெயர்கள் இடம் மாறவில்லை, வினை ஒன்றுதான் மாறியது. "இது கரடி, இது முயல்" என்று படம் காட்டும் பாடத்தில் இந்த ஈறு ஒருநாளும் குழந்தையின் காதில் விழாது. இருவர் சந்தித்தால்தான் அதற்கு வேலை. இருவர் சந்திக்கும் இடம் கதை.

பாட்டி எப்படிச் சொல்வார் என்பதைக் கண்ணால் பார்த்தபடி சொல்கிறேன். பெருவெள்ளத்துக்குப் பிறகு உலகம் மீண்டும் உண்டான கதை. பல நூல்களில் அச்சாகியிருப்பதால் அதன் எலும்புகளை மட்டும் இங்கே தருகிறேன். முழுக்கதையைச் சொல்லும் உரிமை எனக்கு இல்லை. எங்கும் நீர். அவர்களுடைய புனிதக் கதைகளின் நாயகரான நானபோஜோ மிதக்கிறார். அடியில் இருக்கும் மண்ணில் ஒரு பிடி வேண்டும். மாங் என்ற லூன் பறவை மூழ்குகிறது, கிடைக்கவில்லை. நீர்நாய் மூழ்குகிறது, பீவர் மூழ்குகிறது, கிடைக்கவில்லை. கடைசியில் எல்லோரிலும் சிறிய மஸ்க்ராட், எலி போன்ற ஒரு நீர்விலங்கு, மூழ்குகிறது. நெடுநேரம் கழித்து மூச்சில்லாமல் மேலே வருகிறது. மூடிய கையில் மண். ஆமை முதுகு கொடுக்கிறது. அதன்மேல் நிலம் வளர்கிறது.

எங்களிடம் இருந்தவை ஒரு நீலப் படுக்கை விரிப்பும் நான்கு துணிப் பொம்மைகளும்தான். விரிப்பின் ஓரங்களைக் குழந்தைகள் பிடித்து அசைப்பார்கள். பாட்டி லூன் பறவையை உயர்த்திக் காட்டி, "கூகீ" என்பார். மூழ்குகிறது. பொம்மை விரிப்புக்கு அடியில் போகும். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொள்வோம். வெறும் கையோடு மேலே வரும். "காவீன்!" இல்லை. அடுத்தது நீர்நாய், கூகீ, காவீன். மூன்றாவது விலங்கு வருவதற்குள் குழந்தைகளே கூவிவிடுவார்கள். ஒரே கதையில் ஒரே வினை நான்கு முறை, நான்கு பேர் செய்து, ஒவ்வொரு முறையும் நெஞ்சு படபடக்க வருகிறது. எந்தப் பயிற்சிப் புத்தகம் இப்படி அமைந்திருக்கிறது? இதே கதையை மூன்று வாரம் சொல்வார். எனக்குத்தான் புதுக்கதை வேண்டியிருந்தது. குழந்தைகள் ஒருநாளும் கேட்கவில்லை.

மஸ்க்ராட்டின் முறை வரும்போது பொம்மையைக் கீழே வைத்துவிட்டுத் தன் கையையே விரிப்புக்குள் விடுவார். மெல்ல வெளியே எடுப்பார். மூடிய முட்டி, நரம்போடிய புறங்கை. ஒவ்வொரு விரலாகத் திறப்பார். உள்ளங்கையில் உண்மையான ஈர மண். குளிர்காலத்தில் அதற்காகவே ஒரு பூந்தொட்டியைக் காப்பகத்தின் சன்னலோரம் வைத்திருந்தோம்.

இதில் நான் செய்த தவறைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்களும் அதைத்தான் செய்யப் போகிறீர்கள். குழந்தைகளுக்குப் புரியவில்லையோ என்ற பதைப்பில் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஆங்கிலத்தில் முணுமுணுத்தேன். இரண்டாம் வாரம் பாட்டி என்னைத் தனியே அழைத்து, "நீ சொல்லும்வரை அவர்கள் என் கையைப் பார்க்கிறார்கள். நீ சொல்ல ஆரம்பித்ததும் உன் வாயைப் பார்க்கிறார்கள்" என்றார். கவனித்தேன், அப்படித்தான் இருந்தது. ஆங்கிலம் வரும் என்று தெரிந்துவிட்டால் குழந்தை அதற்காகக் காத்திருக்கும். நடுவில் வரும் மொழி வெறும் ஓசையாகிவிடும். அன்றிலிருந்து வாயை மூடிக்கொண்டு விரிப்பைப் பிடித்தேன். உங்களுக்கும் அதுதான் வேலை. விரிப்பைப் பிடியுங்கள், மூச்சைப் பிடியுங்கள், காவீன் என்று குழந்தைகளோடு சேர்ந்து கூவுங்கள். தெரியாமல் கற்கும் ஒரு பெரியவரைப் பார்ப்பது குழந்தைக்கு நல்லது.

பலன் எப்போது தெரியும் என்று கேட்பீர்கள். முதல் ஆண்டு ஏப்ரல், பனி உருகிய நேரம். முற்றத்தில் தேங்கிய நீரில் நான்கு வயதுப் பையன் ஒருவனின் கையுறை விழுந்துவிட்டது. அது மெதுவாக நனைந்து அமிழ்வதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தவன், யாரிடமும் இல்லாமல் தனக்கே சொல்வதுபோல, "கீ-கூகீ" என்றான். கீ என்பது இறந்தகாலம் காட்டும் முன்னொட்டு. மூழ்கிவிட்டது என்கிறான். அந்தச் சொல்லை யாரும் அவனுக்குப் பாடமாகச் சொல்லவில்லை. பாட்டியிடம் இதைச் சொல்லி, கையுறை எப்படி விலங்குபோல மூழ்கும், குழந்தைதானே என்றேன். அவர் நிமிர்ந்து, "மின்ஜிகாவன் உயிருள்ள சொல். அவன் சரியாகத்தான் சொன்னான்" என்றார். கையுறை அவர்கள் மொழியில் உயிருள்ள வகை. கூகீயும் உயிருள்ளவற்றுக்கான வினை. எனக்குத் தெரியாத இலக்கணம் அந்தப் பையனுக்குத் தெரிந்திருந்தது.

அவன் அம்மா அன்று மாலை அழைத்துப்போக வந்தபோது நடந்ததைச் சொன்னேன். அந்த ஒரு சொல்லை மூன்று முறை திருப்பிச் சொல்லவைத்துக் கேட்டுக்கொண்டு போனார். மறுவாரம், குளிக்கும் தொட்டியில் இருவரும் கூகீ விளையாடுவதாகச் சொன்னார். பெற்றோருக்கு நீண்ட சொற்பட்டியலை அச்சிட்டு அனுப்பாதீர்கள். ஒரு வினை, ஒரு விளையாட்டு போதும்.

நீங்கள் தமிழ் பேசுபவர் என்பது இங்கே ஒரு கொடுப்பினை. கீனவின்ட், நீனவின்ட் என்று இரண்டு சொற்கள் உண்டு: முன்னது நாம், பின்னது நாங்கள். ஆங்கிலம் மட்டும் தெரிந்த என் சக ஊழியர்கள் மாதக்கணக்கில் தடுமாறிய இடத்தை நான் ஒரு நொடியில் கடந்தேன். குறிலும் நெடிலும் அங்கேயும் பொருளை மாற்றும்; நெடிலை ஆங்கில எழுத்தை இரட்டித்து எழுதுகிறார்கள். கதைக்கு நடுவே பாட்டி அடிக்கடி "கீவேன்" என்பார். அப்படிச் சொல்வார்கள் என்று பொருள். "ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தானாம்" என்கிறோமே, அந்த "ஆம்" இதுதான். முதன்முதலாக அது புரிந்த அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

காலம் ஒன்றைக் கட்டாயம் மனத்தில் வையுங்கள். அவர்களிடம் கதை இரண்டு வகை. ஆடிஸூகான் என்பது நானபோஜோ போன்றவர்கள் வரும் புனிதக் கதை. அந்தச் சொல்லே உயிருள்ள வகை. டிபாஜிமொவின் என்பது நடந்ததைச் சொல்வது, செய்தி, அனுபவம். முதல் வகையைத் தரையில் பனி இருக்கும்போதுதான் சொல்வார்கள். பனி போனதும் எங்கள் பாட்டி நிறுத்திவிடுவார். நல்ல மனத்தோடு அதைக் கைப்பேசியில் பதிவுசெய்து ஜூலையில் குழந்தைகளுக்குப் போட்டுக் காட்டுவது பெரிய மரியாதைக் குறைவு. அவர் அனுமதியின்றிப் பதிவே செய்யாதீர்கள். கோடையில் என்ன செய்வது என்று பயப்படவும் வேண்டாம். நேற்று பழம் பறிக்கப் போனோம், அங்கே யார் விழுந்தார்கள், யார் வாளியைக் கவிழ்த்தார்கள் என்று டிபாஜிமொவின் சொல்ல ஆயிரம் இருக்கும். அமெரிக்காவின் விஸ்கான்சினில் வாடூகொடாடிங் என்ற பள்ளி இருக்கிறது. ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளும் இடம் என்று பெயரின் பொருள். அங்கே வசந்தத்தில் மேப்பிள் மரத்தின் நீரை இறக்கிக் காய்ச்சும் காட்டிலேயே பாடம் நடக்கிறது. வேலையும் கதையும் கணக்கும் ஒரே மொழியில்.

தண்டர் பேயில் எங்களுக்கு இன்னொரு துணை இருந்தது. வளைகுடாவுக்கு அப்பால் மல்லாந்து படுத்த மனிதனைப்போல ஒரு நீண்ட பாறை மேடு. கல்லாகிப் படுத்திருக்கும் நானாபிஜூ என்று ஊரே சொல்லும். நானபோஜோவுக்கு அங்கே வழங்கும் பெயர் அது. கதை முடிந்ததும் குழந்தைகள் சன்னலுக்கு ஓடி, அவர் இன்னும் தூங்குகிறாரா என்று பார்ப்பார்கள். உங்கள் ஊரிலும் ஏதாவது பாறையோ ஏரியோ இருக்கும், பாட்டியிடம் கேளுங்கள்.

சொல் தேட வேண்டுமென்றால் மினசோட்டா பல்கலைக்கழகம் இணையத்தில் நடத்தும் ஒஜிப்வே மக்கள் அகராதியில் முதியவர்களின் குரலிலேயே கேட்கலாம். ஆனால் உங்கள் பாட்டியின் உச்சரிப்பு அதிலிருந்து வேறுபட்டால் பாட்டி சொல்வதே சரி. கிழக்கே மனிடூலின் தீவுப் பக்கம் குறுகிய உயிரெழுத்துகள் பல விழுந்துவிடும். மக்வா அங்கே ம்க்வா.

முதல் நாளே போய்க் கதை சொல்லுங்கள் என்று கேட்காதீர்கள். கதை கேட்பவர் அஸேமா, அதாவது புகையிலை, சிறிது கொடுத்துக் கேட்பது அவர்கள் வழக்கம். உங்கள் காப்பகத்தில் யார் அதைச் செய்கிறார்கள், எப்படிச் செய்கிறார்கள் என்று விசாரித்துக்கொள்ளுங்கள். குழந்தைகளின் தாழ்ந்த நாற்காலியில் பாட்டியை உட்காரவைக்காதீர்கள். முதுகு தாங்கும் நாற்காலி ஒன்றைச் சன்னலோரம் போட்டு, தேநீர் கொடுங்கள். பிறகு தரையில், குழந்தைகளோடு, அவர் கை தெரியும் இடமாகப் பார்த்து உட்காருங்கள்.